ஸ்டூல் இருக்கிறது... உட்காரத்தான் பயம்!

ராத்திரி ஒன்பதரை மணி. வைத்தியசாலையின் ஷட்டரைப் பாதி இறக்கியாகிவிட்டது. அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள் அந்தப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் யூனிஃபார்ம் புடவை. நான்கு மாதத்தில் என்னிடம் அவள் வருவது இது மூன்றாவது தடவை. நோயும் அதேதான். நீர்க்கடுப்பு. போனால் எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போகிறது, அடிவயிற்றில் வலி. கூடவே கணுக்கால் இரண்டும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

முதல் இரண்டு தடவையும் நெருஞ்சில் குடிநீர் கொடுத்து, "தண்ணி நிறையக் குடிம்மா, காரத்தைக் குறை" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். குணமானது. திரும்பவும் வந்தது. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மூன்றாவது தடவைதான் உட்கார வைத்துக் கேட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்.

என் வைத்தியசாலை இருப்பது தியாகராய நகரை ஒட்டி. ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். பலருக்கு எங்கள் தெற்கத்திச் சீமைதான் சொந்த ஊர். வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

"எந்த ஊரும்மா?"

"திசையன்விளை பக்கம் அய்யா."

"தண்ணி நல்லா குடிக்கியா?"

"காலைல சாப்புடும்போது ஒரு டம்ளர். பெறவு ராத்திரி ஹாஸ்டலுக்குப் போயித்தான்."

"பகல்ல?"

"குடிச்சா போணும்லா. போணும்னா ஃப்ளோர் அண்ணாச்சிட்ட கேக்கணும். எல்லாரும் நிக்கும்போது அதை எப்படி அய்யா கேக்க?"

"சரி, கொஞ்ச நேரம் உட்காரவாவது செய்யலாமே. கடையில ஸ்டூல் போடணும்னு சட்டமே இருக்கே?"

"ஸ்டூல் கெடக்கு அய்யா. மூணு கெடக்கு. யாரும் உக்கார மாட்டோம்."

"ஏன், அண்ணாச்சி திட்டுவாரா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாவ. பாப்பாவ. அம்புட்டுதான்."

பாப்பாவ! அந்த ஒரு பார்வையைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் வாசகர்களே. நீங்கள் ஜவுளிக்கடை நடத்தாமல் இருக்கலாம். ஆனால் ஓர் ஆபீசில் செக்ஷன் மேலதிகாரியாக இருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருப்பீர்கள். ஒன்றுமில்லாவிட்டாலும் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மா வருவார். உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பசியையோ, தாகத்தையோ, அழுகையையோ யாரோ ஒருவர் அடக்கிக்கொண்டிருக்கிறார்.

பதினான்கு வேகங்கள்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் உருப்போட்டவற்றில் பதினான்கு வேகங்களும் உண்டு. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதலுக்கு வேகம் என்று பெயர். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல், தூக்கம், வாந்தி, மலம், சிறுநீர் என்று பட்டியல் போகும். ஒவ்வொன்றையும் வலிய அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்றும் சொல்லியிருக்கிறது. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, நீர்த்தாரையில் புண், மூட்டுகளில் வலி. அந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது! அழுகையை அடக்கினால் பீனிசம், கண்நோய் என்று படிப்போம். "அழாம இருந்தா ஜலதோஷமாடே?" என்று பையன்கள் நாங்கள் சிரிப்போம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணம் பின்னால் சொல்கிறேன்.

சிறுநீர் விஷயத்தில் நவீன மருத்துவமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. சிறுநீர் போவது கழிவை வெளியேற்ற மட்டுமல்ல. நீர்த்தாரையில் ஏறிவருகிற கிருமிகளை அடித்துக்கொண்டு போவதும் அதுவே. பெண்களுக்கு இந்தத் தாரையின் நீளம் 4 சென்டிமீட்டர் அளவுதான். கிருமி சுலபமாகப் பைக்குள் ஏறிவிடும். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கிவைத்தால், கிருமிக்கு வாடகை வாங்காமல் வீடு கொடுத்த மாதிரி! (இடையில் ஒன்று: நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீரைப் பரிசோதியுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.)

கால் வீக்கத்துக்கு வருவோம். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் சதை. நடந்தால் சதை சுருங்கிச் சுருங்கிப் பிழிந்து அனுப்பும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் பிழிந்துவிட ஆள் இல்லை. ரத்தம் காலிலேயே தேங்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் ரத்தக்குழாயின் வால்வுகள் தளர்ந்து, நீல நீலமாகப் புடைத்துச் சுருட்டிக்கொள்ளும். வெரிகோஸ் வெயின் என்கிறோமே, அதுதான். பத்து மணி நேரம் நடக்கிறவனைவிடப் பத்து மணி நேரம் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவன் கால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே தையல் வேலை பார்த்த பி. விஜி என்ற பெண்மணி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் கடைப்பெண்களைத் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தவர்கள் அவர்கள். உட்காருகிற உரிமையைக் கேட்டது அதற்குப் பிறகுதான். 2018-இல் கேரளத்தில் அது சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை வேண்டும், வேலை நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல சட்டம். ஸ்டூலைக் கடைக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கடையில் மூன்று ஸ்டூல்கள் தூசி படிந்து கிடந்தன.

அண்ணாச்சியும் வந்தார்

இரண்டு மாதம் கழித்து அந்த ஃப்ளோர் அண்ணாச்சியே என்னிடம் வந்தார். அந்தக் கடையிலிருந்து பலர் வருவதால் இதில் அதிசயமில்லை. பெண்ணைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. வைத்தியனுக்கு அது தர்மம். (இங்கேயும் அடையாளம் தெரியாதபடி இருவரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

நாற்பத்தைந்து வயது. நெஞ்செரிச்சல், புளியேப்பம், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் பிறகு தூக்கமில்லை. நாடியில் பித்தம் துள்ளியது. பேச்சுவாக்கில் பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு கயிறாகச் சுருண்டிருந்தன!

"பதினாலு வயசுல வந்தேன் சார். பதினெட்டு வருஷம் சேல்ஸ்ல நின்னவன். எங்களுக்கெல்லாம் ஸ்டூலா போட்டாங்க? இப்ப உள்ள பிள்ளைகளுக்கு ரெண்டு மணி நேரம் நிக்க முடியல. ஓயாம பாத்ரூமு..."

நான் அதுவரை என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? நின்று கால் கடுத்தவனுக்குத்தான் நிற்கிறவன் வலி தெரியும் என்று. அப்படி இல்லை. 2015-இல் ரேச்சல் ரட்டன் முதலான அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கஷ்டத்தைத் தாண்டி வந்தவர்கள், அதே கஷ்டத்தில் தடுமாறுகிறவர்களைப் பார்த்து இரங்குவதைவிட, "என்னால் முடிந்ததே, உன்னால் முடியாதா?" என்று கடிந்துகொள்வதுதான் அதிகமாம். பட்ட வலி எவ்வளவு என்பது நாளாக ஆக மங்கிவிடுகிறது. தாங்கிவிட்டோம் என்ற பெருமை மட்டும் மங்காமல் நிற்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை போயிருக்க வேண்டியதில்லை. நம் வீட்டு மாமியார்களைக் கேட்டிருந்தால் போதும். மருமகளாக இருந்தபோது அடுப்படியில் அழுதவர்தானே அவரும்?

'உணர்ச்சி அறிவு' என்று ஒன்றைப் பற்றி மேனேஜ்மென்ட் படிப்புகளில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். 1990-இல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு மனவியலாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தன் உணர்ச்சி என்ன என்று அறிவது, அதைக் கையாள்வது, அடுத்தவர் உணர்ச்சியைப் படிப்பது எல்லாம் சேர்ந்தது அது. நாங்கள் நாடி பார்ப்பது போலத்தான். நாடி பார்க்க மூன்று விரல். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்கு ஐயம். ரொம்ப அழுத்தினால் அடுத்தவர் நாடி தெரியாது, நம் விரல் நுனியில் துடிக்கிற நம் நாடிதான் தெரியும். எங்கள் ஆசிரியர் ஒருவர், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடிக்கிற மாணவனை நிறுத்திவிடுவார். "உன் நாடியே குதிரை மாதிரி ஓடுது. அடுத்தவன் நாடி உனக்கு எப்படிடே தெரியும்? சும்மா இரு கொஞ்ச நேரம்" என்பார்.

அண்ணாச்சிக்கும் அதுதான் சிக்கல். எப்போது வயிற்றைப் பிசைகிறது என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: "ஜி.எம். ரவுண்ட்ஸ் வர நேரம்."

"அந்த நேரம் பிள்ளைக யாராவது உட்கார்ந்திருந்தா?"

"என் சீட்டு கிழிஞ்சிரும் சார்."

ஆக, அந்தப் பெண் சொன்ன 'பார்வை' அண்ணாச்சியின் பார்வை மட்டுமல்ல. அவரை ஜி.எம். பார்க்கிறார். ஜி.எம்.மை முதலாளி பார்க்கிறார். மேலே இருந்து இறங்குகிற பயம் கீழே வரவர கனம் கூடி, கடைசியில் மூன்றாவது மாடியில் நிற்கிற ஒரு பெண்ணின் நீர்ப்பையில் வந்து முட்டுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? பிரிட்டனில் 1967-இல் தொடங்கி 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களை வருஷக்கணக்கில் கவனித்து வந்தார்கள். மைக்கேல் மார்மட் என்ற டாக்டரின் குழு அதை அலசியபோது, கடைசிப் படியில் இருந்தவர்கள் இதய நோயால் இறப்பது உச்சப் படியில் இருந்தவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985-இல் பெண்களையும் சேர்த்து மறுபடி ஓர் ஆய்வு தொடங்கினார்கள். தன் வேலையைத் தான் எப்படிச் செய்வது என்பதில் தனக்கே பிடி இல்லாமல் இருப்பதும் இதயத்தைப் பாதிக்கிறது என்று அதில் தெரிந்தது. அந்த ஊழியர்களுக்கு நாற்காலி இருந்தது, கழிப்பறையும் இருந்தது. அப்படியும் இப்படி!

அண்ணாச்சிக்கு ஏலாதிச் சூரணம் கொடுத்தேன். காப்பியைக் குறைக்கச் சொன்னேன். அப்புறம் ஒரு வைத்தியமும் சொன்னேன்: "காலை பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம், சாயங்காலம் நாலு மணிக்குப் பத்து நிமிஷம், உங்க ஃப்ளோர்ல இருக்கிற ஸ்டூல்ல நீங்க உட்காருங்க. எல்லார் கண்ணிலயும் படுற இடத்துல உட்காருங்க. உங்க காலுக்கு இது அவசியம்."

"ஜி.எம். கேட்டா?"

"வைத்தியர் சொன்னார்னு சொல்லுங்க."

"எழுதிக் குடுத்திருங்க சார்."

பாவம், அவருக்கும் உட்கார ஒரு சீட்டு வேண்டியிருந்தது! லெட்டர் பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். கூடவே சொன்னேன்: "இன்னொண்ணு. பாத்ரூம் போக யாரும் உங்ககிட்ட வாய் திறந்து கேக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டு, நீங்களே நேரத்துக்கு அனுப்பிருங்க. கேட்டுப் போறது வேற, அனுப்பிப் போறது வேற." அவர் பதில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் யோசிக்கிற மாதிரி இருந்தது.

மறுபடி அந்தப் பெண் வந்தபோது, இந்தத் தடவை வெறும் தலைவலிதான், தானாகவே சொன்னாள். "அண்ணாச்சி ஸ்டூல்ல உக்காருதாவ அய்யா! 'ஆள் இல்லாதப்ப நீங்களும் உக்காருங்க தாயி'ன்னு சொன்னாவ. முதல் நாளு யாரும் உக்காரல. மறுநாளு எங்க ஊர் அக்கா ஒருத்தி உக்காந்தா. பெறவு எல்லாரும்." முறை போட்டு அனுப்புவதும் நடந்ததாம். தீபாவளி சமயம் மூன்று ஸ்டூலும் குடோனுக்குப் போய்விட்டன, கூட்டம் என்றார்களாம். தை பிறந்து இரண்டு திரும்பி வந்தது. மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை.

நாற்பது புடவை

கூட்டம் என்றால் யார்? நாம்தானே. 2010-இல் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது தியேட்டரில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அடுத்த வாரமே போய் அதே தெருவில் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "வேற டிசைன் இல்லையா?" என்றோம். என் வீட்டிலும் இது நடந்தது. மனைவியைச் சொல்லிக் குற்றமில்லை, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவன் நான். வாடிக்கையாளருக்குப் போட்ட ஸ்டூலில் எந்தத் தூசியும் இல்லை. விற்கிற பெண் உட்கார்ந்தபடியே புடவை எடுத்துக் காட்டினால் நமக்கு முகம் சுளிக்காமல் இருக்குமா? "மரியாதை தெரியாத பொண்ணு" என்று சொல்ல மாட்டோமா? நம் ஊரில் எதிரே நிற்பதுதான் மரியாதை, உட்கார்ந்தால் திமிர். திண்ணையில் உட்காரவிடாமல் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசிய காலம் ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. கடைக்கார முதலாளிகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் விதி எழுதுகிறார்கள்.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது.

அண்ணாச்சிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, ரொம்ப நல்ல காரியம் செய்துவிட்ட மிதப்பில் அவர் பின்னாலேயே என் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வெளி அறையில் சூரணம் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்து நின்றார். எதிலிருந்து எழுந்தார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு பழைய சாக்கு. பதினேழு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவர். நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றிருக்கிறார். ஒரு நாளைக்கு முப்பது தடவை இருக்குமா? அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இரண்டு பேருடைய பொட்டலங்களை அவர் மாற்றிக் கொடுத்துவிட்டார். நல்லவேளையாக இரண்டுமே சாதாரணச் சூரணங்கள். ஆனாலும் மருந்து விஷயம், கண்டிக்க வேண்டியதுதான். நான் கண்டித்தது பத்து நோயாளிகள் முன்னால். அவர் அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு பொட்டலம் மடித்தார். சாயங்காலம் தலை வெடிக்கிறது என்று சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய வீட்டுக்காரரை அதற்கு முந்தின ராத்திரிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள் என்று இரண்டு நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. காலையில் அங்கேயிருந்து நேராக வேலைக்கு வந்திருக்கிறார்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் சார் வந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்தேன்."

எண்வகைத் தேர்வில் விழியும் மொழியும் இரண்டு தேர்வுகள். கட்டணம் கொடுத்து உள்ளே வருகிறவருடைய கண்ணின் நிறத்தையும் குரலின் கம்மலையும் தினமும் பார்த்துக் கேட்டு நோய் சொல்கிறவன் நான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவரை அன்றைக்குக் காலையில் ஒரு கணம் பார்த்திருந்தால் போதும், தூங்காத கண் என்று தெரிந்திருக்கும்.

இப்போது முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், கவுண்ட்டர் உயரத்துக்கு. டின்னை மொட்டை மாடிக்கு அனுப்பியாயிற்று. ஆனால் கதவு திறந்தால் அவர் உடம்பு தானாக எழுகிறது. "உட்காருங்கம்மா" என்றால் "பரவாயில்லை சார்" என்று பாதியில் நிற்பார். ஆகவே வெளியே வந்ததும் முதலில் நான் நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். அதைப் பார்த்து அவரும் உட்காருகிறார். நேற்று ஏதோ அவசரத்தில் மறந்துபோய் நின்றபடியே ஐந்து நிமிஷம் பேசிவிட்டேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவரும் நின்றுகொண்டிருந்தார்.